வலி குறையாது, பயம் குறையும்! பிரசவத்துக்கு மனதைத் தயார்ப்படுத்தும் ஜென் தியானம்

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ நெருங்கிவிட்டால் கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் வளைகாப்புப் பேச்சு தொடங்கிவிடும். கண்ணாடி வளையல், சந்தனம், குங்குமம், புளிசாதம் முதல் தயிர்சாதம் வரை கலந்த சாத வகைகள் என்று வீடே களைகட்டும். அங்கன்வாடிகள் மூலம் அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பிலும் இதே கலகலப்புதான். தலைப்பிரசவம் என்றால் அதன் பிறகு கர்ப்பிணி தாய்வீட்டுக்கு வருவார். பிள்ளைக்குப் பழைய பருத்திப் புடவையில் துணி கிழிப்பது, தூளிக்கு இடம் பார்ப்பது, மருத்துவமனைக்குப் பை கட்டி வைப்பது என்று எல்லாம் வரிசையாக நடக்கும். மனதைத் தயார்ப்படுத்துவது பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

பேச்சு வந்தாலும் அது பயமுறுத்துவதாகவே இருக்கும். "எனக்கு ரெண்டு நாள் விடாம வலி, உயிர் போய் உயிர் வந்துச்சு" என்பார் பார்க்க வந்த அத்தை. "பிரசவம்னா பொண்ணுக்கு மறுபிறவிதான்" என்பார் எதிர்வீட்டுப் பாட்டி. அக்கறையில் சொன்ன வார்த்தைகள்தான். ஆனால், இரவு தூக்கம் வராமல் புரண்டு படுக்கும் பெண்ணின் மனதில் அவைதான் திரும்பத் திரும்ப ஓடும். அந்த பயத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு மூச்சை வைத்து ஒரு பதில் சொல்கிறது ஜென் தியானம்.

பயம் உடலை என்ன செய்கிறது?

பிரசவ நேரத்தில் கர்ப்பப்பை சுருங்கி விரிய உதவுவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பயமும் பதற்றமும் அதிகமானால் உடலில் அட்ரினலின் கூடும். 'ஓடு அல்லது எதிர்த்து நில்' என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன் அது. அப்போது தசைகள் இறுகும், மூச்சு மேலோட்டமாகும், பிரசவத்தின் வேகமும் தடைபடலாம்.

இங்கிலாந்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் எடுத்துச் சொன்னார். பயம் இறுக்கத்தைத் தருகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி மறுபடியும் பயத்தைத் தருகிறது என்பது அவருடைய விளக்கம். பிரசவ வலியே பயத்தால் வருவதுதான் என்ற அளவுக்கு அவர் போனதை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. வலிக்கு உடல் ரீதியான காரணங்கள் உண்டு. ஆனால், பயம் வலியைத் தாங்கும் திறனைக் குறைக்கிறது என்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய எண் இது. அதே ஆய்வின்படி 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவிகிதம். நாடு முழுவதற்குமான சராசரி 21.5 சதவிகிதம்தான். இந்த உயர்வுக்குக் காரணங்கள் பல. அவற்றில், "வலியே வேண்டாம், ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று பெண்ணும் வீட்டாரும் பயந்து கேட்பதும் ஒன்று.

தியானம் போன தூரம்

ஜென் என்றதும் ஏதோ ஜப்பான் சமாசாரம் என்று நினைக்கத் தோன்றும். 'தியானம்' என்ற சொல்தான் சீனாவுக்குப் போய் 'சான்' ஆனது, அங்கிருந்து ஜப்பானுக்குப் போய் 'ஜென்' ஆனது. அதைச் சீனாவுக்குக் கொண்டு சென்றவர் காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர் என்பது தமிழ்நாட்டில் பலரும் அறிந்த மரபுக்கதை. 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு குழந்தைகளுக்கும் அவரைத் தெரியும்.

போன தியானம் திரும்பியும் வந்தது. ஏசு சபைப் பாதிரியாரான ஏ.எம்.ஏ.சாமி, ஜப்பானின் காமகுராவில் யமாதா கோவுன் என்ற ஜென் குருவிடம் பயின்று, 1982-ல் கற்றுத்தரும் தகுதி பெற்றார். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பெருமாள்மலையில் 1996-ல் அவர் தொடங்கிய 'போதி ஜெண்டோ' மையத்துக்கு வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவர் பௌத்த வழித் தியானத்தைக் கற்றுத்தருகிறார் என்பதிலிருந்தே, இதைச் செய்ய மதம் மாற வேண்டாம், சாமியை மாற்ற வேண்டாம் என்பது புரியும். கர்ப்பிணிகள் மலையேறிப் போய் மணிக்கணக்காக உட்காரவும் தேவையில்லை. அந்தப் பயிற்சியின் எளிய பகுதியை வீட்டு நாற்காலியிலேயே செய்யலாம்.

மருத்துவமனைக்குள் இந்தத் தியானம் நுழைந்தது அமெரிக்காவில். கொரிய ஜென் குருவிடம் பயின்ற ஜான் கபாட்-ஸின், 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், நாள்பட்ட வலியால் அவதிப்படுபவர்களுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார். 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று இன்று ஊரெல்லாம் சொல்லப்படுவது அங்கிருந்து பரவியதுதான். அதைக் கற்ற நான்சி பார்டாக்கி என்ற பிரசவ செவிலியர், 1998-ல் கலிஃபோர்னியாவில் கர்ப்பிணிகளுக்கும் அவர்களின் கணவர்களுக்கும் ஒன்பது வார வகுப்பாக அதை மாற்றியமைத்தார்.

ஒரு வலிக்குப் பத்து மூச்சு

ஜென் தியானத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் தரப்படும் பயிற்சி மூச்சை எண்ணுவது. மூச்சு வெளியேறும்போது மனதுக்குள் ஒன்று. அடுத்த மூச்சுக்கு இரண்டு. இப்படிப் பத்து வரை எண்ணி, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் மனம் எங்கேயோ போய், எண்ணிக்கை தவறிவிட்டால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்ப ஒன்றுக்கு வர வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

இதற்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரசவ வலி தொடர்ந்து வலித்துக்கொண்டே இருப்பதில்லை. கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அலை எழும்பும், உச்சிக்குப் போகும், உடையும், பின்வாங்கும். பிறகு கொஞ்ச நேரம் அமைதி. வலியும் அப்படித்தான் வருகிறது.

வலி நன்றாகப் பிடித்த பிறகு, 10 நிமிடத்துக்கு மூன்று அல்லது நான்கு முறை கர்ப்பப்பை சுருங்கும். ஒவ்வொரு முறையும் 40 முதல் 60 விநாடி. அதிகபட்சமாகவே கணக்கிட்டாலும் ஒரு மணி நேரத்தில் வலி 24 நிமிடம், இடைவெளி 36 நிமிடம். நிதானமாக மூச்சு விட்டால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் பத்து மூச்சு. அதாவது, ஒரு வலியைக் கடக்கத் தேவை ஏறக்குறைய பத்து மூச்சு!

பயந்த மனம் என்ன செய்யும்? வலிக்கும்போது, "இன்னும் எத்தனை மணி நேரமோ" என்று நினைக்கும். வலி நின்ற பிறகும், "அடுத்தது வரப்போகுதே" என்று காத்திருக்கும். ஓய்வுக்குக் கிடைத்த 36 நிமிடமும் அதிலேயே போய்விடும். மூச்சை எண்ணிப் பழகிய மனம் இந்த ஒரு வலியை மட்டும் பார்க்கும். அது போன பிறகு உடம்பைத் தளர்த்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கண் மூடிக்கொள்ளும். கடைசிக் கட்டத்தில் இடைவெளி குறையும், எண்ணிக்கை தவறும், கத்தவும் தோன்றும். கத்தலாம், தவறில்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினால் போதும்.

வீட்டில் எப்படிச் செய்வது?

எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு இப்படிச் செய்யலாம்.

* பத்மாசனம் போட வேண்டிய கட்டாயம் இல்லை. கைப்பிடியில்லாத நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, பாதங்கள் தரையில் பதிய உட்கார்ந்தால் போதும். இடுப்புக்குப் பின்னால் சின்னத் தலையணை வைத்துக்கொள்ளலாம். முடியாத நாளில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடியும் செய்யலாம். வயிறு பெரிதான பிறகு மல்லாந்து படுத்துச் செய்யக் கூடாது. கர்ப்பப்பையின் எடை ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரலாம்.

* ஜென்னில் கண்ணை முழுவதும் மூடுவதில்லை. பாதி திறந்தபடி, மூன்றடி தள்ளித் தரையைப் பார்த்திருப்பார்கள். தூக்கமும் வராது, கற்பனையிலும் மனம் ஓடாது.

* முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். பிறகு பத்து, பதினைந்து, இருபது என்று கூட்டிக்கொள்ளலாம். ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட தினமும் பத்து நிமிடம் உட்காருவது நல்லது.

* மூச்சை அடக்கக் கூடாது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளும் கர்ப்பகாலத்தில் வேண்டாம். மூச்சு தன் போக்கில் போகட்டும், எண்ணுவது மட்டும்தான் வேலை.

* உட்காருவதற்கு இடையில் மெதுவாக நடப்பதும் ஜென் பயிற்சியில் ஒன்று. மொட்டைமாடியிலோ நடையிலோ, பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி பத்து நிமிடம் நடக்கலாம். இந்தப் பழக்கம் பிரசவ அறையிலும் உதவும். படுத்தே இருக்காமல் நிற்பது, நடப்பது, உட்காருவது என்றிருக்கும் பெண்களுக்குப் பிரசவத்தின் முதல் கட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று காட்டியிருக்கிறது.

* எட்டாம் மாதத்துக்குப் பிறகு ஓர் ஒத்திகை பார்க்கலாம். பார்டாக்கியின் வகுப்பில் செய்வது இது. உள்ளங்கையில் ஒரு ஐஸ்கட்டியை ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு மூச்சை எண்ண வேண்டும். முதலில், "ஐயோ, எடுத்துடலாம்" என்று மனம் துடிக்கும். குளிர்ச்சி எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்க்கப் பழகியதும் துடிப்பு அடங்கும். கை மரத்துப்போகும் அளவுக்கு வைத்திருக்க வேண்டாம்.

வீட்டில் அமைதி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பக்கத்து வீட்டு சீரியல் சத்தம், பஸ் ஹாரன், குக்கர் விசில் எல்லாம் இருக்கத்தான் செய்யும். பிரசவ அறையும் அமைதியான இடம் அல்ல. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கத்துவார், செவிலியர் ஓடுவார், டிராலி உருளும். சத்தத்துக்கு நடுவில் மூச்சுக்குத் திரும்பப் பழகியவருக்குத்தான் அங்கே பயன்.

யாராவது நேரில் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும் என்பவர்கள், அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இயங்கும் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவில் கேட்கலாம். 'ஜென்' என்ற பெயர் அங்கே இருக்காது. மூச்சைக் கவனிப்பதும் உடலைத் தளர்த்துவதும்தான் அங்கேயும் அடிப்படை.

துணைக்கு வருபவரும் பழக வேண்டும்

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். காவிரியில் வெள்ளம் வந்து தாயால் மகளிடம் போக முடியாதபோது, சிவபெருமானே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். பிரசவ நேரத்தில் நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற தேவை எவ்வளவு பழையது என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கும் திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. 2017-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, 17 நாடுகளைச் சேர்ந்த 15,000-க்கும் அதிகமான பெண்களின் பிரசவங்களைப் பார்த்தது. விடாமல் ஒருவர் துணையிருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரமும் குறைந்தது.

ஆனால், உடன் வருபவர் பதறினால் பலன் தலைகீழாகிவிடும். அதனால் தாயோ மாமியாரோ அக்காவோ, யார் உள்ளே வரப்போகிறாரோ அவரும் கடைசி இரண்டு மாதம் கர்ப்பிணியோடு சேர்ந்து உட்கார்ந்து மூச்சை எண்ணிப் பழக வேண்டும். பிரசவ அறையில் அவர் பெரிதாக எதுவும் பேச வேண்டாம். இடுப்பை நீவிவிட்டபடி, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிக்கொடுத்தால் போதும். கணவருக்கு உள்ளே அனுமதி இல்லாத இடங்களில், வெளியே நிற்கும் நேரத்துக்கு அவருக்கும் இதே பயிற்சி உதவும்!

ஆய்வுகள் சொல்வது என்ன?

தியானத்தின் பெயரில் சொல்லப்படும் எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 30 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு பிரிவினர் இரண்டரை நாள் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி பெற்றார்கள், மற்றவர்கள் வழக்கமான பிரசவ வகுப்புக்குப் போனார்கள். தியானம் பழகியவர்களுக்குப் பிரசவத்தை எதிர்கொள்ளும் தன்னம்பிக்கை கூடியது. மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன, குழந்தை பிறந்த பிறகும் அந்தப் பலன் நீடித்தது. ஆனால், வலி குறைவாக இருந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. முதுகில் போடும் வலிநிவாரண ஊசியைக் கேட்பதும் குறையவில்லை. சின்ன ஆய்வுதான். என்றாலும் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை அது நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

பெங்களூரில் 335 கர்ப்பிணிகளிடம் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம் மூன்றையும் செய்த பிரிவில் இரண்டரை கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைகள் அதிகம் பிறந்தன, குறைப்பிரசவம் குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆரோக்கியமான கர்ப்பிணி விரும்பினால் மூச்சுப் பயிற்சி, இசை, மைண்ட்ஃபுல்னெஸ் போன்றவற்றை வலியைச் சமாளிக்கப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது.

எங்கே நிறுத்த வேண்டும்?

2018-ல் திருப்பூரில், யூடியூப் வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே இயற்கைப் பிரசவம் செய்ய முயன்ற இளம்பெண் ஒருவர் ரத்தப்போக்கால் உயிரிழந்தார். தமிழ்நாட்டையே உலுக்கிய சம்பவம் அது. தியானமும் மூச்சுப் பயிற்சியும் மருத்துவமனைப் பிரசவத்துக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

ரத்தக்கசிவு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், வலிப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். சந்தேகங்களுக்கு 104-ல் ஆலோசனை கேட்கலாம். கண்ணை மூடி உட்கார்ந்தால் பழைய கெட்ட நினைவுகள் வந்து பதற்றம் கூடுகிறது, எந்நேரமும் அழுகையாக வருகிறது என்றால் தியானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பகால மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு.

கடலூர் மாவட்டத்துக்கு இன்னொரு பயமும் உண்டு. 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2015-ல் பெருவெள்ளம் என்று பார்த்த ஊர். ஐப்பசி, கார்த்திகையில் தேதி குறித்திருந்தால், "அன்னிக்கு மழை வந்து ரோடு அறுந்துட்டா?" என்ற கவலை எந்தத் தியானத்திலும் போகாது, ஏற்பாட்டில்தான் போகும். சிதம்பரத்தில் அரசு காமராஜர் மருத்துவமனை, அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை என எங்கே போவது என்பதை முன்பே முடிவு செய்துவிட வேண்டும். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி, மழை எச்சரிக்கை வந்ததுமே மருத்துவமனைக்கோ மேட்டுப்பகுதி உறவினர் வீட்டுக்கோ நகர்ந்துவிடலாம். கர்ப்பகாலப் பதிவேட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பது நல்லது. இந்த வேலைகள் முடிந்த பிறகு உட்கார்ந்து பாருங்கள், மனம் தானாகவே பாதி அடங்கியிருக்கும்.

சிசேரியன் ஆனால்?

"இவ்வளவு நாள் தியானம் பண்ணியும் ஆபரேஷன் ஆகிடுச்சே" என்று சில பெண்கள் குற்றவுணர்வில் தவிப்பது உண்டு. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இதயத்துடிப்பு குறைந்தாலோ, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலோ சிசேரியன்தான் இரண்டு உயிர்களைக் காக்கும். அது தோல்வி அல்ல. முதுகில் ஊசி போடும்போது அசையாமல் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்களிலும், விழிப்போடு மேஜையில் படுத்திருக்கும் நேரத்திலும் அதே பத்து மூச்சு கைகொடுக்கும்.

சிதம்பரம் நடராஜர் கோயிலில் திரையை விலக்கினால் அங்கே உருவம் இல்லை. தங்க வில்வ மாலைகள் தொங்கும் வெட்டவெளிதான் ரகசியம். ஜென் பயிற்சியிலும், இப்படித்தான் நடக்க வேண்டும் என்று மனம் போட்டு வைத்திருக்கும் படத்தைக் கொஞ்சம் விலக்கி வைக்கச் சொல்வார்கள். சுகப்பிரசவமோ சிசேரியனோ, நடப்பதற்கு இடம் கொடுக்கும் மனம்தான் அதைத் தாங்கும்.

பிரசவத்தோடு இந்தப் பயிற்சி முடிந்துவிடுவதும் இல்லை. பால் கட்டிக்கொண்டு வலிக்கும்போதும், இரவு இரண்டு மணிக்குக் குழந்தை காரணம் தெரியாமல் அழும்போதும், தூக்கமில்லாத தாய்க்கு எரிச்சல் உச்சிக்கு ஏறும். அப்போது குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கலாம்.